வழியுரிமையும் வாழ்வுரிமையும்

(திருகோணமலை நகர வட்டாரத் தொண்டர்களும், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பகுதி விவசாயிகளும் கூடிய கூட்டத்திற் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பைத் தரலாம். காணிப் பிரச்சினை தீரவில்லை. மொழிப் பிரச்சினை தீரவில்லை. அதிகாரப் பகிர்வு ஏட்டளவில் நிற்கின்றது. இவையெல்லாம் இருக்க, வீட்டு வாசலில் ஓடும் ஒழுங்கையைப் பற்றி ஓர் அரசியற் கூட்டத்திற் பேசுவதா என்று நீங்கள் கேட்கலாம். பேசத்தான் வேண்டும் என்பது என் கருத்து. நாட்டில் ஆட்சியுரிமை கேட்கின்ற மக்கள், தம் படலைக்கு வெளியே கிடக்கின்ற சில அடி நிலத்தை எவர், எவ்வாறு, எந்த வேகத்திற் பயன்படுத்தலாம் என்பதைப் பற்றிக் கவலையற்றிருப்பார்களானால், அவர்கள் கேட்கின்ற ஆட்சி எதனை ஆளப் போகின்றது? வீதி என்பது தன்னாட்சியின் முதற்பாடம். அந்தப் பாடத்தில் நாம் தேறவில்லை.

இலங்கையில் வீதி விபத்துக்களில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டு வருகின்றனர். 2016, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் அத்தொகை ஒவ்வோராண்டும் 3,000 ஐத் தாண்டிற்று. மாண்டவர்களுட் பெரும்பகுதியினர் மோட்டார் வாகனத்திற் சொகுசாகச் சென்றவர்கள் அல்லர். நடந்து சென்றவர்கள், துவிச்சக்கர வண்டியிற் சென்றவர்கள், மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் சென்றவர்கள். அதாவது நம்மைப் போன்றவர்கள். ஒரு படகு கவிழ்ந்து நூறு பேர் மாண்டால் நாடு அழுகின்றது. நாளொன்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பேராக மூவாயிரம் பேர் மாண்டால் அது பத்திரிகையின் மூலையில் ஒரு சிறு செய்தியாகிவிடுகின்றது. இதனை விதி என்று கூறி அமைதியடைவது தகாது. எவை விதியால் நிகழ்பவை, எவை திட்டமின்மையால் நிகழ்பவை என்று பிரித்தறிவதே அரசியல்.

வழியுரிமை என்றால் என்ன?

விவசாயப் பெருமக்களே! உங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு சொல்லிலிருந்து தொடங்குகின்றேன். உங்கள் உறுதிகளில் "வழி வாய்க்கால் உரிமை" என்று எழுதப்பட்டிருக்கும். அடுத்தவன் காணிக்கூடாக உங்கள் வயலுக்குப் போகும் உரிமை அது. ஒல்லாந்தர் இந்நாட்டை விட்டுச் சென்று இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும், அவர்கள் விட்டுச் சென்ற உரோம ஒல்லாந்தச் சட்டமே இத்தகைய வழக்குகளில் இன்றும் ஆளுகின்றது. அச்சட்டம் வழியுரிமையை மூன்றாகப் பிரித்தது. நடந்து செல்லும் உரிமை ஒன்று; மாடு சாய்த்துச் செல்லும் உரிமை ஒன்று; வண்டி கொண்டு செல்லும் உரிமை ஒன்று. நடைபாதை உரிமை பெற்றவன் அதில் வண்டியை விடமுடியாது. வண்டிப்பாதை உரிமை பெற்றவனும் நினைத்தபடி விடமுடியாது. வழி கொடுக்கின்ற காணிக்காரனுக்கு எவ்வளவு குறைந்த தொல்லை உண்டாகுமோ அவ்வளவு குறைந்த தொல்லையோடு, பண்போடு அதனைப் பயன்படுத்தவேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை விதி.

இந்த நியாயத்தைத்தான் நான் நகரத்து வீதிக்கும் கேட்கின்றேன். ஓர் ஒழுங்கையின் இருபுறமும் நாற்பது வீடுகள் இருக்கின்றன. அங்கே குழந்தை தவழ்கின்றது. கிழவர் வாசலிற் கதிரை போட்டுக் காற்று வாங்குகின்றார். பிள்ளைகள் பள்ளிக்குப் போய் வருகின்றார்கள். அந்த ஒழுங்கையின் வழியாக, அங்கே எவ்வித அலுவலும் இல்லாத ஒருவர், பெருந்தெருவில் இரண்டு நிமிடம் காத்திருக்க மனமின்றி, குறுக்குவழியாக ஐம்பது கிலோமீற்றர் வேகத்திற் பாய்ந்து செல்கின்றார். பொதுவீதி எல்லார்க்கும் பொது என்பது உண்மை. ஆனால் எல்லார்க்கும் பொதுவான ஒன்றை எல்லார்க்கும் தீங்கின்றிப் பயன்படுத்தவேண்டும் என்பதும் அவ்வளவு உண்மை. பிறர் வயலுக்கூடாகச் செல்பவன் வரம்பை உடைக்காமற் செல்லவேண்டுமென்றால், பிறர் வாசலுக்கூடாகச் செல்பவன் உயிரைப் போக்காமற் செல்லவேண்டாவா? வழியுரிமை வாழ்வுரிமைக்கு அடங்கியது. இதுவே என் பேச்சின் சாரம்.

திருமலையின் அமைப்பு

நம் நகரத்தின் அமைப்பைச் சிந்தித்துப் பாருங்கள். கிழக்கே ஒல்லாந்தக் குடாவும் கடலும், மேற்கே உட்துறைமுகம், ஒரு முனையிற் சுவாமிமலையும் கோட்டையும். ஏறக்குறையத் தீபகற்பமாக அமைந்த நிலத்தின் மேல் நகரம் இருக்கின்றது. தரைவழியாக வருகின்ற வாகனங்கள் ஒரு சில வீதிகளினூடாகவே உட்புகவேண்டும். வாயில்கள் சிலவேயாதலால், எந்த வாகனம் எவ்வழியாற் போகவேண்டும் என்று ஒழுங்கு செய்வதற்கு இயற்கையே நமக்குத் துணை நிற்கின்றது. கொழும்பு போன்ற நகரங்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

இருந்தும் நாம் ஒழுங்கு செய்யவில்லை. காரணம் வரலாற்றில் இருக்கின்றது. துறைமுகத்துக்காகவே வளர்ந்த நகரம் இது. 1957 ஒக்டோபரிற் பிரித்தானியக் கடற்படை வெளியேறும் வரைக்கும், கடற்படையின் தேவைக்கு வீதி போடப்பட்டது. குடிகளின் தேவைக்கு ஒழுங்கை தானாக முளைத்தது. பின்னர் போர்க்காலம் வந்தது. தடை முகாம்களும் ஊரடங்கும் இருந்த காலத்தில் வாகனமும் குறைவு, வேகமும் குறைவு. அந்தக் குறைவு அச்சத்தினால் வந்த குறைவேயன்றி ஒழுங்கினால் வந்ததன்று. 2009 ஆம் ஆண்டுக்குப் பின் நெடுஞ்சாலைகள் அகன்றன. அதே ஆண்டு ஒக்டோபரிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. துறையடியிற் பாதை வரும் வரைக்கும் மணிக்கணக்காகக் காத்து நின்ற மக்களுக்கு அப்பாலம் பெரும் விடுதலை. அதனை நான் மனமார வரவேற்கின்றேன். ஆனால் பெருவீதி அகன்றபோது அதனோடு இணைகின்ற சிறு வீதிகளுக்குக் காவல் போடவேண்டும் என்பதை எவரும் எண்ணவில்லை. குத்தகைக் கடனில் வாங்கிய மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வீட்டுக்கு வீடு வந்தன. தார் போட்ட ஒழுங்கை ஓட்டப் பந்தயத் திடலாயிற்று. கோட்டைப் பக்கத்திலிருந்து நகருக்குள் உலாவித் திரியும் புள்ளிமான்களுக்கும் பாதுகாப்பில்லை. நம் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பில்லை.

இனி வரப்போவதையும் பாருங்கள். சீனன்குடாவில் மாவாலையும் சீமேந்து ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும் இருக்கின்றன. 2022 ஜனவரியிற் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி, அங்குள்ள 99 தாங்கிகளில் 61 தாங்கிகளைக் கூட்டு நிறுவனமொன்று புதுப்பித்துப் பயன்படுத்தவேண்டும். 2025 ஏப்ரல் 5 ஆந் திகதி இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று அரசுகளும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்குப் புரிந்துணர்வு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. நல்லது; வேலைவாய்ப்பு வரட்டும், நாம் எதிர்க்கவில்லை. ஆனால் மூன்று அரசுகள் கூடிக் கையெழுத்திடும்போது, நாலாங் கட்டையிற் கடைக்குப் போகின்ற தாயின் கையைப் பிடித்து நடக்கும் குழந்தையை நினைப்பதற்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நாமாக இல்லாவிட்டால் வேறெவரும் இல்லை. எண்ணெய்ப் பவுசர் வந்த பிறகு வீதியை ஒழுங்கு செய்வோம் என்பது, வெள்ளம் வந்த பிறகு குளக்கட்டைக் கட்டுவோம் என்பதற்கு ஒப்பாகும்.

வேகத்தின் கணக்கு

நான் பொறியியலாளன் அல்லன். ஆயினும் பள்ளிக்கூடக் கணக்கு எல்லார்க்கும் தெரிந்ததே. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வருகின்ற வாகனம் ஒரு விநாடியில் எட்டு மீற்றருக்குச் சற்று அதிகமாகச் செல்லும். 50 கிலோமீற்றர் வேகத்தில் வருவது ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் செல்லும். ஒரு பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு வீதிக்கு ஓடிவருவதைக் கண்டு, சாரதியின் கால் பிறேக்கில் அழுந்துவதற்கு ஒரு விநாடியாவது ஆகும். காய்ந்த வீதியில், நல்ல பிறேக்கோடு, 30 கிலோமீற்றரில் வருகின்றவர் மொத்தம் 13 மீற்றர் அளவில் நின்றுவிடுவார். 50 கிலோமீற்றரில் வருகின்றவருக்கு 28 மீற்றர் வேண்டும். அதாவது, முதலாமவர் முற்றாக நின்றுவிட்ட அந்த இடத்தில், இரண்டாமவர் வேகத்தைக் குறைக்கவே தொடங்கியிருக்கமாட்டார். முழு வேகத்தோடு பிள்ளையை மோதுவார். அம்மோதலின் வலு 30 கிலோமீற்றர் மோதலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

இவ்வளவுக்கும் மீதப்படுத்தியது எவ்வளவு? 200 மீற்றர் நீளமான ஓர் ஒழுங்கையை 50 கிலோமீற்றர் வேகத்திற் கடக்க 14 விநாடி. 30 கிலோமீற்றர் வேகத்திற் கடக்க 24 விநாடி. வேறுபாடு பத்து விநாடி. பத்து விநாடியை ஒரு பக்கத்திலும் ஒரு பிள்ளையின் உயிரை மறுபக்கத்திலும் வைத்துத் தராசைப் பிடியுங்கள். தீர்ப்புச் சொல்ல நீதிபதி தேவையில்லை.

உலகம் கண்ட வழி

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1929 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ரட்பேர்ண் என்ற குடியிருப்பை அமைத்தவர்கள், வாகனப் பாதையையும் நடைபாதையையும் வெவ்வேறாக்கினர். 1950களில் எழுந்த சண்டிகார் நகரில், 1,200 மீற்றர் நீளமும் 800 மீற்றர் அகலமும் கொண்ட பிரிவுகளாக நிலம் வகுக்கப்பட்டது. விரைவு வாகனங்கள் பிரிவைச் சுற்றி ஓடும். வீடுகளும் பள்ளிகளும் கடைகளும் உள்ளே அமைதியாக இருக்கும். 1963 இல் இங்கிலாந்திற் கொலின் புக்கனன் என்பவரின் தலைமையில் வெளியான போக்குவரத்து அறிக்கை இதனை எளிதாக விளக்கிற்று. நகரம் ஒரு பெரிய கட்டடம் போன்றது. அதில் நடைகூடங்களும் உண்டு, அறைகளும் உண்டு. மருத்துவமனையிற் பண்டங்களைத் தள்ளிச் செல்வதற்கு நடைகூடம் இருக்கின்றது. நோயாளிகளின் படுக்கைகளுக்கு நடுவே எவரும் தள்ளுவண்டியை ஓட்டிச் செல்வதில்லை. அவ்வாறே குடியிருப்புப் பகுதி நகரத்தின் அறை. பெருந்தெரு அதன் நடைகூடம்.

நமக்கு மிகுந்த படிப்பினை தருவது ஒல்லாந்து நாடு. இன்று அந்நாட்டைத் துவிச்சக்கர வண்டிகளின் சொர்க்கம் என்கின்றார்கள். அது பிறவியிலேயே அப்படி இருக்கவில்லை. 1971 இல் அங்கே வீதி விபத்துக்களில் 3,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400 க்கும் மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் கொதித்தெழுந்தனர். "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்ற பெயரோடு ஓர் இயக்கமே தோன்றி, மக்கள் வீதிகளில் இறங்கிப் போராடினர். டெல்வ்ற் நகரில் 1960களின் இறுதியிலேயே, வீட்டு முன்றிலும் வீதியும் ஒன்றாகும்படி சில தெருக்கள் திருத்தப்பட்டிருந்தன. வளைவுகளும் மரங்களும் இருக்கைகளும் வைத்து, வாகனம் நடைவேகத்திலன்றிச் செல்ல முடியாதபடி அவை அமைக்கப்பட்டன. 1976 இல் அத்தகைய தெருக்களுக்குச் சட்ட அந்தஸ்து வழங்கப்பட்டது. அங்கே பிள்ளைகள் தெருவில் விளையாடுவது குற்றமன்று, வாகனக்காரரே விருந்தினர். நமக்கு வழியுரிமைச் சட்டத்தைத் தந்த அதே ஒல்லாந்தர், அச்சட்டத்தின் பண்பைத் தம் தெருவிலே நிறைவேற்றிக் காட்டினார்கள். சட்டத்தைப் பெற்ற நாம் பண்பை இன்னும் பெறவில்லை.

அதன்பின் ஜேர்மனியில் 1983 இற் புக்ஸ்ரகூட என்ற சிறு நகரம் 30 கிலோமீற்றர் எல்லையைச் சோதித்தது. 2020 இல் ஸ்ரொக்ஹோமிற் கூடிய அமைச்சர்கள் மாநாடு, நடப்போரும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீற்றரே உச்ச எல்லை என்று பிரகடனம் செய்தது. 2021 இல் ஸ்பெயின் நாட்டின் ஒருநிரை நகர வீதிகளுக்கும், 2023 இல் வேல்ஸ் நாட்டின் பெரும்பாலான குடியிருப்பு வீதிகளுக்கும் இத்தகைய எல்லை சட்டமாயிற்று.

வெளிநாட்டு உதாரணமே வேண்டாம் என்பவர்களுக்கு நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கின்றேன். சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வருகின்றபோது என்ன செய்கின்றோம்? வீதியைக் கூட்டுகின்றோம், தண்ணீர் தெளிக்கின்றோம், வாசலில் நிறைகுடம் வைக்கின்றோம். எவ்வளவு பெரிய வாகனமானாலும் ஒதுங்கி நின்று காத்திருக்கின்றது. தாமதமாயிற்று என்று எவரும் முணுமுணுப்பதில்லை. வீதியை எவ்வாறு மதிப்பது என்பது நமக்குத் தெரியாததன்று. இறைவன் வருகின்ற நாளில் நாம் காட்டும் மரியாதையிற் சிறு பகுதியை, அவன் படைத்த பிள்ளைகள் நடக்கின்ற மற்றை நாட்களிலும் காட்டினாற் போதும்.

செய்யவேண்டியவை

முதலாவது, வீதிகளைத் தரம் பிரிக்கவேண்டும். ஊரைக் கடந்து செல்வதற்கான வீதி எது, சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு சேர்க்கும் வீதி எது, குடியிருப்பவர்கள் மாத்திரம் பயன்படுத்தும் ஒழுங்கை எது என்று வட்டாரந்தோறும் வரைபடம் தயாரிக்கவேண்டும்.

இரண்டாவது, குறுக்குவழிப் பாய்ச்சலைத் தடுக்கவேண்டும். இரு பெருவீதிகளை இணைக்கின்ற ஒழுங்கையின் நடுவில் மூன்று தூண்களை நட்டால், நடப்போரும் துவிச்சக்கர வண்டிக்காரரும் போகலாம்; காரும் லொறியும் போகமுடியாது. அவ்வொழுங்கையிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஏதாவதொரு பக்கத்தால் வாகனம் வரமுடியும். செலவு சில மூடை சீமேந்து.

மூன்றாவது, வேகத்தடைகளை முறையாக அமைக்கவேண்டும். இன்று பல இடங்களிற் காண்பவை வேகத்தடைகள் அல்ல, முதுகை முறிக்கும் வரம்புகள். குறுகியதாய்ச் செங்குத்தாய் வர்ணமின்றி இருக்கின்ற திட்டு, இரவில் மோட்டார் சைக்கிள்காரரை வீழ்த்தும்; கர்ப்பிணியைத் துன்புறுத்தும். இங்கிலாந்தில் ஆராய்ந்து வகுத்த முறையிலே திட்டு ஏறக்குறையப் 12 அடி நீளமும் 3 முதல் 4 அங்குல உயரமும் கொண்டு, மெல்ல ஏறி மெல்ல இறங்கும். மெதுவாகச் செல்பவருக்கு அது தொல்லை தராது. வேகமாகச் செல்பவருக்கு மாத்திரமே தரும். வெள்ளை வர்ணமும், முன்கூட்டியே அறிவிக்கும் பலகையும், வெளிச்சமும் அதற்கு இன்றியமையாதவை.

நான்காவது, நடப்பவருக்கு இடம் வேண்டும். நமது வீதியோர வாய்க்கால்கள் திறந்து கிடக்கின்றன. அவற்றின் மேற் கொங்கிறீற்றுப் பலகை இட்டு மூடினால், காணி சுவீகரிக்காமலே நடைபாதை கிடைக்கும். முடக்குகளிற் பார்வையை மறைக்கும் வேலிகளையும் மதில்களையும் பதிக்கவேண்டும். வேம்பும் பூவரசும் நட்டால் நிழலும் வரும். மரம் நின்ற வீதி குறுகியதாகத் தோன்றுவதால் வாகனமும் தானாக மெதுவடையும்.

ஐந்தாவது, பள்ளிக்கூட வீதிகள். காலையிலும் மதியத்திலும் பள்ளி கூடும், கலையும் நேரங்களிற் பள்ளிவாசல் வீதியில் வெளி வாகனங்களை மறிக்கவேண்டும். மஞ்சட் கடவையை வீதி மட்டத்திலிருந்து நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தினால், அது கடவையாகவும் வேகத்தடையாகவும் இருக்கும்.

வயலோர வீதிகள்

இது நகரத்தாருக்கு மாத்திரம் உரிய விடயம் என்று கமக்காரர் எண்ணவேண்டாம். ஒருபுறம் வீடு, மறுபுறம் வயல், நடுவே நெடுஞ்சாலை என்ற நிலையில் எத்தனையோ கிராமங்கள் இருக்கின்றன. மண்வெட்டியோடு நடக்கின்றவருக்கும் மாடு சாய்க்கின்றவருக்கும் உழவு இயந்திரம் ஓட்டுகின்றவருக்கும் அந்த நெடுஞ்சாலையே ஒழுங்கை. கொழும்பிலிருந்து வருகின்ற சொகுசு பஸ்ஸுக்கு அது இரவு முழுதும் பாய்ந்து வந்த பாதையின் கடைசித் துண்டு. இருவருடைய உரிமையும் மோதுகின்ற இடம் அது.

கிராமம் தொடங்கும் இடத்தில் வாயில் போன்ற அறிகுறியும், வேக எல்லைப் பலகையும், தார் வீதிக்குப் பக்கத்தே உழவு இயந்திரமும் கால்நடையும் செல்லத்தக்க கிரவற் பாதையும் வேண்டும் என்று கேட்போம். நாமும் சிலவற்றைச் செய்யவேண்டும். பின் விளக்கின்றி இரவில் ஓடும் உழவு இயந்திரப் பெட்டி ஓர் எமன். ஒளிதெறிக்கும் சிவப்புத் தகடு ஒன்றை அதன் பின்னால் அடிப்பதற்குச் சட்டமும் வேண்டாம், சபையும் வேண்டாம். நெடுஞ்சாலையில் நெல் காயவைப்பதும் ஆபத்தே. ஆனால் அதற்காகக் கமக்காரனைத் தண்டிப்பதற்கு முன், கிராமத்துக்கு ஒரு காயவைக்கும் தளமாவது கட்டிக்கொடுக்கவேண்டும். தளமில்லாதவன் தார் வீதியைத்தான் தேடுவான்.

பாரமான சரக்கைப் பற்றியும் ஒரு சொல். 1927 முதல் திருமலைக்குப் புகையிரதப் பாதை இருக்கின்றது. மாவும் எண்ணெயும் அதில் ஏறிச் சென்று பழக்கப்பட்டவையே. ஒரு புகையிரதம் எத்தனையோ லொறிகளின் பாரத்தைத் தாங்கும். துறைமுகம் வளர்கின்ற அளவுக்குப் புகையிரதமும் வளரவேண்டும். லொறி மாத்திரம் வளரக்கூடாது.

அதிகாரம் யாரிடம்?

வழக்கறிஞர் என்ற முறையில் இதனைத் தெளிவாக்குவது என் கடமை. ஏ, பி தர நெடுஞ்சாலைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில் இருக்கின்றன. சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்கு உரியவை. ஏனைய உள்வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி மன்றங்களுக்கு உரியவை. 1939 ஆம் ஆண்டின் நகரசபைக் கட்டளைச் சட்டமும், 1947 ஆம் ஆண்டின் மாநகரசபைக் கட்டளைச் சட்டமும், 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் பொது வீதிகளைப் பராமரிக்கும் பொறுப்பையும் துணைவிதி ஆக்கும் அதிகாரத்தையும் அம்மன்றங்களுக்கு வழங்குகின்றன. வேக எல்லையும் போக்குவரத்துச் சைகைகளும் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்துக்குள் வருவதால், பொலிசாரோடும் மத்திய அரசோடும் இணைந்தே அவற்றைச் செய்யவேண்டும். ஆகவே ஒழுங்கையின் அமைப்பு நம் மன்றத்தின் கையில். வேகத்தின் எண் பிறர் கையில். அமைப்பைச் சரிசெய்துவிட்டால் எண் தானாக இறங்கும்.

அதிகாரத்தைப் பயன்படுத்த மக்கள் பிரதிநிதிகள் வேண்டும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. 2023 மார்ச்சில் முடிந்த உள்ளூராட்சி மன்றங்களும் 2025 மே 6 ஆந் திகதித் தேர்தல் வரைக்கும் வெறுமையாய்க் கிடந்தன. தேர்தலைப் பின்போடுவது அரசியல்வாதிகளுக்கு மாத்திரம் நட்டம் என்று எண்ணுகின்றவர்கள், அவ்வாண்டுகளில் தம் ஒழுங்கையின் விளக்கு அணைந்தபோது எவரிடம் முறையிட்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

மொழியும் இங்கே வருகின்றது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி என்பது 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தத்தின்படி அரசியலமைப்பில் எழுதப்பட்டது. வீதியில் "மெதுவாகச் செல்க" என்னும் பலகை படிப்பவனின் மொழியில் இல்லாவிட்டால், அது பலகையன்று, வெறும் தகரம். தமிழும் சிங்களமும் இரண்டும் பிழையின்றி எழுதப்படவேண்டும்.

எதிர்வாதங்கள்

அம்புலன்ஸ் தாமதிக்குமே என்பர். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வருகின்ற வண்டி பெரும்பாலான தூரத்தைப் பெருவீதியிலேயே கடக்கின்றது. அங்கே நாம் தடை போடவில்லை. கடைசி ஒழுங்கையில் இழப்பது சில விநாடிகள். விபத்துக் குறைந்தால் அவ்வண்டியை அழைக்கவேண்டிய தேவையே குறையும்.

வியாபாரம் கெடும் என்பர். பாய்ந்து செல்கின்றவன் கடையிற் பொருள் வாங்குவதில்லை. நின்று நடக்கின்றவனே வாங்குகின்றான்.

பணமில்லை என்பர். நான் சொன்னவற்றுட் பெரும்பாலானவை தூண், வர்ணம், பலகை, மரக்கன்று. ஓர் ஒழுங்கையை அகலமாக்கும் செலவிற் பல ஒழுங்கைகளைப் பாதுகாக்கலாம்.

சட்டம் போட்டும் நம்மவர் கேட்கமாட்டார்கள் என்பர். அதனாலேதான் சட்டத்தை மாத்திரம் நம்பாமல் வீதியின் அமைப்பையே மாற்றச் சொல்கின்றேன். பொலிஸ்காரர் வீட்டுக்குப் போய்விட்டாலும் திட்டு வீதியிலேயே நிற்கும். அத்தோடு ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். குடியிருப்பு ஒழுங்கையிற் பாய்கின்றவர்கள் எல்லாரும் வெளியூரார் அல்லர். பலர் நம் பிள்ளைகளே. அனுமதிப்பத்திரம் இல்லாத மகனுக்கு மோட்டார் சைக்கிள் திறப்பைக் கொடுக்கின்ற தகப்பன், அரசாங்கத்தைக் குறை கூறும் உரிமையை இழக்கின்றான். வீதிக்குள் மதிலைத் தள்ளிக் கட்டுகின்றவரும் அவ்வாறே.

பெரிய உரிமைகள் இருக்கச் சிறியதைப் பேசுவதா என்பது இறுதி வாதம். 1956 ஆகஸ்ட் மாதத்திலே தமிழரசுக் கட்சியின் மாநாட்டுக்காக வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மக்கள் கால்நடையாகவே திருமலைக்கு வந்தார்கள். திருமலை யாத்திரை என்று அதனை வரலாறு கூறும். மக்கள் தம் உரிமையைக் கால்களால் எழுதிய வீதி இது. அந்த வீதியிலே இன்று பேரக்குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போகப் பாட்டி அஞ்சுகின்றாள் என்றால், பெரிய உரிமை, சிறிய உரிமை என்ற பாகுபாடு எங்கே நிற்கின்றது? மேலும் இவ்வூரில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றார்கள். பல விடயங்களில் நாம் வேறுபடுகின்றோம். ஆனால் பிள்ளையின் தாய்மொழியைக் கேட்டு எந்த லொறியும் விலகுவதில்லை. மூவரும் சேர்ந்து கேட்கத்தக்க கோரிக்கை இது. சேர்ந்து கேட்டுப் பழகினால் பிற விடயங்களுக்கும் அது நன்மை தரும்.

நமது கோரிக்கைகள்

ஆகவே இக்கூட்டம் பின்வருவனவற்றைக் கோரவேண்டும் என்று முன்மொழிகின்றேன்.

1. திருகோணமலை நகரிலும் சூழலிலும் குடியிருப்பு வீதிகள் யாவும் 30 கிலோமீற்றர் வலயமாக்கப்படவேண்டும்.

2. வட்டாரந்தோறும் வீதி வரைபடம் குடியிருப்பாளர்களின் பங்கேற்போடு தயாரிக்கப்பட்டு, தமிழிலும் சிங்களத்திலும் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படவேண்டும்.

3. துறைமுகம், எண்ணெய்த் தாங்கிகள் ஆகியவற்றின் புதிய திட்டம் எதற்கும் அனுமதி வழங்குமுன், அதன் வாகனங்கள் எவ்வழியால், எந்நேரத்திற் செல்லும் என்பது வெளியிடப்படவேண்டும். பாரச் சரக்குக்குப் புகையிரதமே முதல்வழியாதல் வேண்டும்.

4. ஒவ்வொரு பள்ளிக்கூட வாசலிலும் உயர்த்திய கடவையும் மூடிய வாய்க்கால் நடைபாதையும் முதலாவதாக அமைக்கப்படவேண்டும்.

5. நெடுஞ்சாலையோரக் கிராமங்களுக்குக் கிரவற் பாதையும் நெல் காயவைக்கும் தளமும் வழங்கப்படவேண்டும்.

கோரிக்கை எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய் உறங்குவது நமது பழக்கம். இம்முறை அது கூடாது. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வட்டாரத்திலும் ஐந்து பேர் சேர்ந்து, ஒரே ஒழுங்கையைத் தெரிந்தெடுத்து, காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை எத்தனை வாகனங்கள் வருகின்றன, அவற்றுள் எத்தனை அங்கே நில்லாமற் கடந்து போகின்றன, எத்தனை பிள்ளைகள் நடக்கின்றனர் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். முடக்கு எங்கே, விளக்கில்லாத இடம் எங்கே, மூடாத வாய்க்கால் எங்கே என்று குறியுங்கள். ஆசிரியரும் சர்வேயரும் எழுதுவினைஞரும் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்கள் வரைபடத்தைக் கீறிக் கொடுக்கட்டும். மனுவை நான் எழுதுகின்றேன். அந்தக் கொப்பியோடு மன்றத்துக்குப் போவோம். சாட்சியமில்லாத வழக்குத் தோற்கும். சாட்சியமுள்ள வழக்கை எவராலும் தட்டிக்கழிக்க முடியாது.